வால் வைத்த எழுத்தின் காவலர்

மொழியைப் பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். காப்பாற்றுகிறவர் மட்டும் ஊருக்கு ஒருவர். எங்கள் லிரா ஊரில் அவர் எக்வாங் வாத்தியார். பதினோரு வருஷமாக என் அச்சகத்துக்கு வந்து, இங்கே பேசும் லாங்கோ மொழியில் பிழை பார்க்கிறார். கூலி கேட்கமாட்டார். போகவும் மாட்டார்.

"லாங்கோவும் பக்கத்து ஊர் பேசுற அச்சோலியும் ஒண்ணுதானே?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டால் தொலைந்தார்கள். முன்னோர்கள் கிழக்கேயிருந்து மாடோட்டி வந்த கதை, வந்த இடத்தில் லுவோப் பேச்சைப் பிடித்துக்கொண்ட கதை, பாதிரிமார் தங்கள் எழுத்தை அதற்கு மாட்டிவிட்ட கதை எல்லாம் முடிவதற்குள் மை காய்ந்துவிடும். அதிலும், நம் தமிழ் 'ங' ஒலிக்கு வால் வைத்த ஓர் எழுத்து உண்டு, ŋ. அது அவருக்கு உயிர்.

போன மழைக்காலத்தில் காலரா வந்தது. நர்ஸ் அல்வேதோ சுவரொட்டி அடிக்க வந்தார்: 'நோயை அறியுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.' லாங்கோவில் 'அறி' என்ற சொல்லே ங-வில்தான் தொடங்கும். வாலைக் காணோம்.

"நிறுத்துங்க மெஷினை! இதென்ன, வாலறுந்த பல்லியா?"

"வாத்தியாரே, ஜனங்க வயித்தால போய்ச் சாகுறாங்க."

"அதுக்காக எழுத்துப்பிழையோட சாகணுமா சிஸ்டர்?"

வாலை ஒட்டினேன். அடுத்து, 'காய்ச்சு' என்ற லாங்கோச் சொல்லுக்கு 'ஓ' ஒன்றா இரண்டா என்று தகராறு கிளம்பியது. அவருடைய எழுத்துக் குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. அல்வேதோ பொறுக்கவில்லை. அட்டைகளில் கரியால் தானே எழுதி வீடுவீடாக மாட்டினார். வாலும் இல்லை, ஓவுக்கு வரைமுறையும் இல்லை. ஊருக்கே புரிந்தது. வாத்தியார் மட்டும், "பிழையைக் கொண்டுவந்து என் சுவத்துல மாட்டாதே" என்று விரட்டிவிட்டார்.

நாலாம் நாள் அவரை மோட்டார் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். கண் குழிந்து, தோல் சுருங்கி, பாதி ஆள்தான் மிச்சம். அல்வேதோ நரம்பைத் தேடிப் பிடித்து டிரிப் ஏற்றினார். நான் மூலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"தண்ணியைக் காய்ச்சினீங்களா, இல்லையா?"

உதடு அசைந்தது. குனிந்து கேட்டார்.

"காய்ச்ச... அதுக்கு... ரெண்டு ஓ."

"பிழைச்சுக்குவார்," என்றார் அல்வேதோ.

பிழைத்தார். எழுந்ததும் முதல் வேலையாக, தடி ஊன்றிக்கொண்டு வீடுவீடாகப் போய் அட்டைகளுக்கெல்லாம் வால் வரைந்தார். தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கி மாட்டினார். திருத்திவிட்டுத்தான்.

சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே எங்கோ ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று உங்கள் கை பேனாவைத் தேடியதே, அது எதற்கு?