அத்தை கேட்ட சாக்கு

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று முப்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். தாராவியில் பிறந்து வளர்ந்து, செம்பூரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பிழைக்கிறவன். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். அதில் எது தமிழ், எது இந்தி என்று யாரும் எங்களுக்குப் பிரித்துச் சொன்னதில்லை.

அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம். மனைவி செல்விக்கு வள்ளியூர்ப் பக்கம். அவளுடைய அம்மா, அதாவது என் அத்தை, பாண்டுப்பில் இருக்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்க வந்திருந்தார். அவருக்கு என் மேல் கோபம் கிடையாது, மதிப்பும் கிடையாது. அங்கே ஃபேன் ரெகுலேட்டரைச் சரிசெய்கிறேன் என்று போய் அந்தக் கட்டடத்துக்கே கரண்டை நிறுத்திய நாளிலிருந்து, "மாப்ளைக்குக் கைவேலை வராது, பாவம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிவந்தார். அந்தப் 'பாவம்'தான் என்னைக் குத்தியது. (திட்டியிருந்தால்கூடத் தேவலை.)

அப்படிப்பட்டவர் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "மாப்ள, அடுத்த மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேம்லா. எனக்கு ஒரு சாக்கு வேணும். உறுதியா இருக்கணும். மடக்கி வைக்கிற மாதிரி இருந்தா நல்லது. கடையில ஒண்ணும் வாங்காண்டாம். நீங்களே பாத்துப் பண்ணுங்க."

எங்கள் வீட்டில் சாக்கு என்றால் கத்தி. பம்பாய் இந்தியில் கத்திக்கு அதுதான் பெயர். அம்மா வெங்காயம் நறுக்குவதே சாக்கால்தான். அரிசி வருகிற கோணிப்பையை நாங்கள் 'போரி' என்போம். அதற்குத் தமிழில் சாக்கு என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆக, அத்தைக்கு வேண்டியது மடக்குக் கத்தி. அதுவும் என் கையால் செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வியிடம் மூச்சு விடவில்லை. பள்ளித் தோழன் முருகன் குர்லாவில் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் போய் நின்றேன்.

"மாமியாருக்கு எதுக்குல சாக்கு?" என்றான். (அவனும் தாராவிதான். அவனுக்கும் சந்தேகம் வரவில்லை.)

"ஊர்ல தேங்கா, பழம் அறுக்கிறதுக்கு இருக்கும்."

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மடக்குக் கத்தி பார்க்க எளிது: ஓர் அலகு, இரண்டு கட்டைத் துண்டு, நடுவில் ஓர் ஆணி. பழைய ரம்பத் தகட்டை வெட்டி அலகாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்காவிட்டால் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். "நீலமாச்சுன்னா கூர் நிக்காது. கதம், அவ்வளவுதான்" என்றான் முருகன். நான் மூன்று அலகுகளைக் கதம் செய்தேன். பிறகு ஆணி. இறுக்கி அடித்தால் கத்தி திறக்கவில்லை. தளர்த்தினால் சட்டைப் பைக்குள் தானாகவே திறந்துகொண்டது. கடைசியில் அலகுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் வைத்து ஆணியை அடித்து, அப்புறம் காகிதத்தை உருவச் சொன்னான். திறந்தது. மூடியது. சம்பளம் கூடின அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அத்தை கிளம்பும் நாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நானும் செல்வியும் பாண்டுப் போய்ச் சேர்ந்தபோது ரயிலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. கூடத்தில் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட பெரிய பித்தளை அண்டா. பக்கத்தில் சேலைகள் திணித்த துணிப்பை.

"வாங்க மாப்ள. சாக்கு கொண்டாந்தியளா?"

நகைப்பெட்டி ஒன்றை நீட்டினேன். அத்தை வாங்கித் திறந்தார்.

"இது கத்தில்லா?"

"ஆமா அத்தை, சாக்கு. நானே பண்ணினேன்."

அத்தை அண்டாவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "இதுக்குள்ள அண்டா எப்படிப் போவும்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

செல்விக்குத்தான் முதலில் புரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பிறகு அவள் திக்கித் திக்கிச் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அசடு வழிய நின்றவன் அத்தோடு விட்டிருக்கலாம். கத்தியையாவது திறந்து காட்டுவோம் என்று பெட்டியிலிருந்து எடுத்தேன். மழை ஈரத்தில் கைப்பிடிக் கட்டை ஊதியிருந்தது, அலகு அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். சட்டென்று திறந்த அலகு துணிப்பையை மேலிருந்து கீழாகக் கிழித்தது. சேலைகள் தரையில் சரிந்தன. இப்போது இரண்டு சாக்குகள் தேவைப்பட்டன.

மச்சான் குடையைப் பிடித்துக்கொண்டு அரிசிக் கடைக்கு ஓடி இரண்டு போரி வாங்கி வந்தான். அண்டாவையும் சேலைகளையும் அவற்றில் போட்டு, அத்தை கோணி ஊசியில் சணல் கோத்துச் சாக்குகளின் வாயைத் தைத்தார். நான் மூலையில் நின்றேன், தண்ணீர் கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல்.

"கத்தியக் கீழ வைங்க மாப்ள."

போச்சு என்று நினைத்துத் தரையில் வைத்தேன். அத்தை அதை எடுத்துச் சணலை ஒரே இழுப்பில் அறுத்தார். (கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வருமாம். அதற்குத்தான் கீழே வைக்கச் சொன்னாராம்.) இன்னொரு துண்டுச் சணலைச் சும்மா அறுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் அலகின் விளிம்பைத் தடவினார்.

"நல்லாத்தான் பண்ணிருக்கிய" என்று மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

எனக்கு வந்த வேகத்தில் அண்டாவை நானே தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

கொடைத் திருவிழா முடிவதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அங்கே என் பெயர் 'சாக்கு மாப்ள'. கத்தி இன்னமும் அத்தையின் இடுப்பில்தான் இருக்கிறது. யாருக்கும் இரவல் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் எது கேட்டாலும் கூடவே ஒரு படத்தையும் அனுப்பிவிடுகிறார். போன வாரம் ஓர் அரிவாள்மணையின் படம் வந்தது. பின்னாலேயே வாய்ஸ் மெசேஜ்.

"மாப்ள, இது மாட்டுங்கா மார்க்கெட்ல கெடைக்குமாம். வாங்குனாப் போதும். நீங்க ஒண்ணும் செஞ்சிராதீய."