ஓசி எண்ணெயில் ஒரு சவாரி

மிச்சம் பிடிக்கிறவர்களில் பல வகை உண்டு. தேய்ந்துபோன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டுகிறவர், பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே விரலை விட்டு வழிக்கிறவர், இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதுக்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஓட்டல்காரர் பொரித்துப் பொரித்துக் கறுத்து, இனிமேல் ஆகாது என்று கொட்டப்போகும் எண்ணெயைக் கெஞ்சி வாங்கிவந்து டீசல் காரில் ஊற்றி ஓட்டுகிறாரே, அவர் தனி ரகம். அவரிடம் மாட்டிக்கொண்டீர்களோ, தொலைந்தீர்கள்!

அப்படி ஒருவர்தான் நம்முடைய வறுவல் சார். பெற்றோர் வைத்த பெயரைத் தெரு மறந்து வெகுகாலமாயிற்று. அவர் கார் தெருவைக் கடந்தால் உருளைக்கிழங்கு வறுத்த வாசனை பின்னாலேயே வரும். மூக்கு முட்டச் சாப்பிட்டு எழுந்தவருக்கும் மறுபடி பசிக்கும். மற்ற வண்டிகளைக் குரைத்துத் துரத்தும் நாய்கள் இவர் வண்டிக்குப் பின்னால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும்.

அவர் வீட்டுக் கார் கொட்டகையில் காருக்கு இடம் கிடையாது. டிரம், புனல், சல்லடை, கசடு தங்குவதற்காக அசையாமல் வைத்திருக்கும் கேன்கள். வீட்டிலிருந்த பழைய படுக்கை விரிப்பெல்லாம் எண்ணெய் வடிகட்டப் போய்விட்டது; புதியவற்றுக்கு மனைவி பூட்டுப் போட்டிருக்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் இலையைப் பார்க்கமாட்டார் மனிதர், நேரே அடுப்படிக்குப் போய் வாணலியை எட்டிப் பார்ப்பார். "இதை என்ன பண்ணப் போறீங்க?" என்பார். சமைத்தவள் முகம் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

போதாததற்கு உபதேசம் வேறு. தபால்காரர், பால்காரர், வழி கேட்க நின்றவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. பல் மருத்துவரிடம் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதுகூடக் கையால் ஜாடை காட்டி விளக்கியிருக்கிறார்.

"கேளுங்க சார், கிளப்பறது டீசல்ல. இஞ்சின் சூடானதும் இந்த சுவிட்சைத் தட்டினா எண்ணெய். நிறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் மறுபடி டீசல்ல ஓட்டி, குழாயைக் கழுவிடணும். இல்லேன்னா எண்ணெய் கெட்டியாகி வண்டி படுத்துக்கும். இதை மறக்கிறவன் கார் ஓட்டவே லாயக்கில்லை!"

அவர் மனைவி நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்த நர்ஸ். ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலைக்கு நேர்காணல் வந்தது. கிடைத்தால் இனிப் பகல் வேலைதான். மனுஷி ராத்திரியில் வீட்டில் படுத்துத் தூங்கலாம். அதைவிட அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அன்று காலையில் நல்ல குளிர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வாசலுக்கு வந்தார் அம்மாள்.

"ஏங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்."

"நல்லா இருக்கே! நம்ம காரு கல்லு மாதிரி நிக்கும்போது டாக்ஸியா? வேண்டாம்னு சொல்லு. நான் கொண்டுபோய் விடறேன்."

விட்டார், பாதி வழி. கடைத்தெருவுக்குப் பின்புறச் சந்து வழியாகக் குறுக்கே போனபோது ஓர் ஓட்டலின் கொல்லைக் கதவருகே திறந்த டிரம் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே எண்ணெய், அதுவும் தேன் நிறத்தில்! பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? "ஒரே நிமிஷம்" என்று வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகி அணைத்துவிட்டு ஓடினார்.

"மீன் பொரிச்சதா அண்ணே?" என்று சமையற்காரரைக் கேட்டார்.

"இல்ல சார், வெறும் கிழங்குதான்."

விரலில் தொட்டார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போனவர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டார். ஒரு நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. கேனை நிரப்பிப் பின்னால் ஏற்றிவிட்டு, வாயெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

கர்ர்ர். மறுபடியும் கர்ர்ர். அப்புறம் அதுவும் இல்லை.

"நிறுத்தறதுக்கு முன்னாடி டீசலுக்கு மாத்தினீங்களா?" என்று கேட்டார் மனைவி. அந்த உபதேசத்தைச் சோற்றோடு சேர்த்துத் தினம் கேட்டவர் அல்லவா அவர்!

வறுவல் சார் சுவிட்சைப் பார்த்தார். அது எண்ணெயிலேயே இருந்தது.

மனைவி இறங்கிப் போய்ச் சமையற்காரரிடம் பேசினார். சாப்பாடு கொண்டுபோகும் ஸ்கூட்டரின் பின்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப் போயே போய்விட்டார். வறுவல் சாருக்கு அழுகை வந்தது. 'பாவி, அவ கேட்டது ஒரு ராத்திரித் தூக்கம், அதையும் கெடுத்தேனே' என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஓட்டலில் வெந்நீர் வாங்கிக் குழாயின் மேல் ஊற்றி, வடிகட்டியைக் கழற்றி டீசலை நிரப்பி, கையெல்லாம் பிசுக்கோடு ஒருவழியாக வண்டியைக் கிளப்பி, ஆஸ்பத்திரி வாசலில் குற்றவாளிபோல் போய் நின்றார்.

அம்மாள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"கிடைச்சிடுச்சுங்க!"

"நிஜமாவா? லேட்டாப் போனதுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"ஏன் லேட்டுன்னுதான் முதல்ல கேட்டாங்க. நடந்ததை அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் பெரிய டாக்டர், 'நல்லாத் தெரிஞ்சவங்களே தெரிஞ்ச விஷயத்துல ஏம்மா தப்புப் பண்றாங்க, வார்டுல அதை எப்படித் தடுப்பீங்க?'ன்னார். இத்தனை வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேனே, எனக்கா பதில் தெரியாது? மளமளன்னு சொல்லிட்டேன்."

வறுவல் சாருக்குக் கண் கலங்கியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவமானம், வருத்தம், நன்றி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வாயைத் திறந்தார்.

"அப்போ என் எண்ணெயாலதான் உனக்கு வேலை கிடைச்சதுன்னு சொல்லு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம் டீசல் கார் இல்லை, எண்ணெய் டிரம்மும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். 'நீங்க எதுக்குச் சிரமப்படணும், நானே பார்த்துக்கறேன்' என்று உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி அன்பாகச் சொன்னால், அதை முழுக்க அன்பென்று நம்பிவிடாதீர்கள்; அவரும் உங்களுக்குப் பயந்து டாக்ஸிக்குச் சொன்னவராக இருக்கலாம்.