எந்த இடத்துக்குப் பட்டா?

“ஹோ சாகேப்” என்று பணிவுடன் கூறிவிட்டு அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான், எதற்காக ‘ஹோ’ சொன்னோம் என்ற ஐயம் சந்திரமௌலியைப் பிடித்துக்கொண்டது.

பூனாவில் இராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் அவர் எழுத்தர். அதிகாரி கானிட்கர் மராத்திக்காரர். மராத்தியில் ‘ஹோ’ என்றால் ‘ஆம்’. அந்த ஓர் எழுத்தை ஏற்றியும் இறக்கியும், தேவைப்பட்ட இடத்தில் தலையசைப்பைச் சேர்த்தும் சந்திரமௌலி சில ஆண்டுகளாகக் காலம் தள்ளி வந்தார். “நம் மதராஸி எழுத்தருக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு” என்று கானிட்கர் பிற அதிகாரிகளிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தார். இனிமேல் புரியவில்லை என்று சொன்னால் அது அவரைப் பொய்யராக்குவதாகும். அத்தகைய மரியாதைக் குறைவை நினைத்துப் பார்க்கவும் சந்திரமௌலிக்குத் துணிவில்லை.

அன்று கானிட்கர் சொன்னதோ நீண்ட வாக்கியம். பக்கத்து அறையில் தட்டச்சுப் பொறிகள் ஆலங்கட்டி மழையாகப் பொழிந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே ‘ஜபல்பூர்’, ‘ஆப்ல்யா’, ‘போட்’, ‘இலாஸ்டிக் பட்டா’, ‘க்யா’ ஆகிய சொற்கள் மட்டுமே கரையேறி அவர் செவியை அடைந்தன.

ஜபல்பூர் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அந்த ஊருக்கு ஒருவரை மாற்றப் போகிறார்கள் என்று அலுவலகம் முழுவதும் பேச்சு. வீட்டில் மனைவி சரசாவுக்கோ நிறைமாதம்.

அன்று மாலை ராஸ்தா பேட்டை வீட்டுக்குத் திரும்பியதும் சந்திரமௌலி தரையில் படுத்து, இரு கால்களையும் சுவரின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு விட்டத்தை நோக்கினார்.

“ஏன்னா, தெனம் கால சுவத்துல சாத்திண்டு அப்படி என்ன யோசனை?” என்றாள் சரசா.

“கால் மேலே இருந்தாத்தான் சிந்தனை தலைக்கு இறங்கறது.”

“நாள் பூரா நின்னா சிந்தனை எங்கேயிருந்து வரும்? ஆபீஸ்ல உங்களுக்கு நாற்காலி போடலையா?”

“போட்டிருக்கா. சாகேப் எதிர்ல எப்படி உக்கார்றது? ‘பஸா, பஸா’ன்னு அவர் சொல்றது அவரோட பெருந்தன்மை. நிக்கறது என்னோட மரியாதை. அது கிடக்கட்டும். சாகேப் ஒரு பட்டா வாங்கச் சொல்லியிருக்கார்.”

“பட்டாவா? எந்த இடத்துக்கு?”

“அதாண்டி தெரியலை!”

“இடம் தெரியாம யாராவது பட்டா வாங்குவாளா?”

“நிலத்துக்கு இல்லடி. உடம்புக்கு. இலாஸ்டிக்ல இறுக்கிப் பிடிக்குமாம்.”

சந்திரமௌலி சொற்களைக் கூட்டிப் பார்த்தார். ‘போட்’ என்றால் வயிறு. ‘க்யா’ என்றால் வாங்கு. ‘ஆப்ல்யா’ என்றால் நம்முடைய. அதிகாரி ஒருவர் ‘நம்முடைய’ என்றால் அது அதிகாரியின் இல்லத்தைத்தானே குறிக்க முடியும்? கானிட்கர் ஈர்க்குச்சி போன்றவர். வயிறு என்று சுட்டத்தக்க ஒன்று அவரிடம் இல்லை. ஆகவே அது அவருடைய துணைவியார் பாயிசாகேபின் வயிறாகவே இருத்தல் வேண்டும். அவர் சற்று வளமான உடல்வாகு உடையவர். வாங்கித் தராவிட்டால் ஜபல்பூர். வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் காலையிலேயே, காம்ப் பகுதியில் மருத்துவச் சாமான் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து ஷாகுல் ஹமீதின் முன்னால் அவர் கைகட்டி நின்றார்.

“வாங்க ஐயரே. யாருக்கு?”

“ஒரு மரியாதைக்குரிய அம்மையாருக்கு.”

“மரியாதை எந்த இடத்துலன்னு சொன்னாத்தானே எடுத்துக் குடுக்கலாம்? வயித்துக்குன்னா அகலமா, நடுவுல கம்பி வச்சது. முட்டிக்குன்னா குட்டையா, மடக்க வாகா இருக்கணும். காலுக்குன்னா கணுக்கால்ல நல்லா இறுக்கி, மேல போகப் போக விட்டுக் குடுக்கணும். ஒண்ணை இன்னொண்ணுக்குப் போட்டா ரத்தம் ஓடாது, பாத்துக்கிடுங்க.”

“வயிறு” என்றார் சந்திரமௌலி, நாற்புறமும் பார்த்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில்.

அலுவலகப் பியூன் டோண்டு, ராஸ்தா பேட்டையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவன். சாகேபுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா எடுத்துவர அவன் தினமும் பங்களாவுக்குப் போவான். அவனிடம் காகிதம் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்து, “சாகேப் உத்தரவுன்னு சொல்லி பாயிசாகேப் கையில குடுத்துடுப்பா. பிரிச்சுப் பாக்காதே” என்றார் சந்திரமௌலி.

டோண்டு திரும்பி வந்தபோது அவன் முகம் சரியில்லை.

“பாயிசாகேப் பொட்டலத்தை வாங்கிக்கிட்டாங்க அண்ணா. உள்ளே போனாங்க. டப்பாவிலிருந்த சோத்தைத் திரும்பப் பானையிலேயே கொட்டினாங்க. காய்ஞ்ச பாக்ரி, ஒரு வெங்காயம் வெச்சுக் குடுத்தாங்க.”

அந்தக் காய்ந்த ரொட்டியைக் கடித்து முடித்த பிறகு கானிட்கர் சந்திரமௌலியை அழைத்தார். அவருடைய பார்வை கோப்பின் மீதில்லாமல் கீழ்நோக்கி இருந்தது.

“பட்டா கேத்லா கா?” வாங்கியாயிற்றா என்று கேட்கிறார். இது புரிந்தது.

“ஹோ சாகேப்!”

“பரா பஸ்தோ கா?”

‘பஸ்’ என்றால் உட்கார். வழக்கம்போல உட்காரச் சொல்கிறார் என்று சந்திரமௌலி நெகிழ்ந்துபோனார். “நாஹி, நாஹி சாகேப்” என்று மறுத்து, இன்னும் விறைப்பாக நின்றார்.

கானிட்கர் நெற்றியைச் சுருக்கினார். “மக் துஸ்ரா க்யா!”

வேறு வாங்கு! இடம் தவறிவிட்டது. சாகேப் கீழ்நோக்கிப் பார்த்ததன் பொருளும் இப்போது விளங்கியது. வயிற்றுக்குக் கீழே ஏதோ ஓர் இடம். ஆனால் எவ்வளவு கீழே? ஓர் அதிகாரியிடம் அவர் மனைவியின் உடலைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக வினவுவது எப்படி?

கண்ணியத்துக்கு அதிகம் பங்கம் விளைவிக்காத உறுப்பாக முழங்காலைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய உறையை டோண்டு வழியாக அனுப்பி வைத்தார்.

மறுநாள் டப்பாவே வரவில்லை.

“முன்ன வயிறு பெருசுன்னார், இப்ப கிழவின்னும் சொல்லிட்டாரான்னு கேட்டு அழுதாங்க அண்ணா” என்றான் டோண்டு. “யார் என்ன சொன்னாங்க? பொட்டலத்திலே என்னதான் இருக்கு?”

“அது உனக்கு வேண்டாம்ப்பா” என்றார் சந்திரமௌலி.

சாயில் பிஸ்கோத்தை நனைத்துத் தின்றுகொண்டிருந்த கானிட்கர் மறுபடியும் கேட்டார்: “பஸ்தோ கா?”

“நாஹி சாகேப். மரியாதைக்கு... நாஹி.”

கானிட்கர் பொறுமையிழந்தார். மேசையைத் தட்டி ஏதோ கத்தினார். அதில் ‘துக்கான்’ என்றும் ‘ஸக்ளே’ என்றும் இரு சொற்கள் பிடிபட்டன. துக்கான் என்றால் கடை. ஸக்ளே என்றால் எல்லாம்.

“எல்லாத்தையுமா?” என்றார் ஷாகுல் ஹமீது, மாலையில்.

“எல்லாத்தையும். மணிக்கட்டு, முழங்கை, தொடை, கால். ஒரு இடமும் விட்டுப்போகக் கூடாது.”

“ஐயரே, அந்த அம்மா படியில உருண்டுட்டாவளா?”

“தயவுசெஞ்சு கேக்காதீங்க.”

“சரி, காலுக்கு அளவு வேணுமே. அந்த அம்மா உங்க உயரம் இருப்பாவளா? அப்ப உங்க கால்லயே போட்டுப் பாருங்க.” சந்திரமௌலியின் கால்சட்டையை உயர்த்திய ஷாகுல் ஹமீது குனிந்து பார்த்தார். “இது என்ன ஐயரே, கெண்டைக்கால்ல மண்புழு மாதிரி நரம்பு சுருட்டிக் கெடக்கு?”

“அது எங்க பரம்பரை நரம்பு. அதை விடுங்க, அம்மாவுக்கு அளவு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.”

உறை ஏறியதும் சந்திரமௌலியின் காலில் இருந்த கனம் சட்டென்று இறங்கிப் போனது. அவ்வளவு சுகத்தை அந்தக் கால் நெடுநாளாக அறிந்ததில்லை. மறுகணமே, பாயிசாகேபுக்கு உரிய பொருளில் இன்பம் காண்பது முறையன்று என்று நாணி, அதை அவசரமாகக் கழற்றிக் கொடுத்தார்.

பெரிய மூட்டை மறுநாள் காலை பங்களாவுக்குப் போயிற்று. சற்று நேரத்தில் அலுவலக வாசலில் ஒரு குதிரை டாங்கா வந்து நின்றது. மூட்டையுடன் இறங்கிய பாயிசாகேப் நேராகக் கணவரின் அறைக்குள் நுழைந்து, அதை மேசைமேல் கவிழ்த்தார். கோப்புகளின் மீது முழங்கை உறையும் தொடை உறையும் உருண்டன. மணிக்கட்டுப் பட்டை சாய்க் கோப்பைக்குள் விழுந்தது.

சாய் கொண்டுவந்த டோண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். அழைக்கப்பட்ட சந்திரமௌலி வாசலருகே நின்றார். பல நாள்களைப் போல அன்றும், சைக்கிளில் வந்த அவசரத்தில், கெண்டைக்கால் தெரியக் கால்சட்டையைச் சுருட்டி மாட்டியிருந்த கிளிப்புகளைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

“வயிறு, முட்டி, இப்போது மொத்த உடம்பும்! என்னிடம் உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?” என்று பாயிசாகேப் மராத்தியில் வெடித்தார்.

“நானா? இதையெல்லாம் நான் எப்போது வாங்கினேன்?”

“சாகேப் உத்தரவு என்றுதானே டோண்டு கொண்டுவந்து கொடுத்தான்!”

டோண்டு விரலை நீட்டிச் சந்திரமௌலியைக் காட்டினான்.

பாயிசாகேப் பேசியதில் ‘போட்’ என்பதைத் தவிர வேறொன்றும் சந்திரமௌலிக்கு எட்டவில்லை. ஆயினும் ஜபல்பூர் இரயிலின் புகை கண்ணெதிரே தெரிந்தது. நிறைமாதச் சரசா அதில் பெட்டி படுக்கையுடன் அமர்ந்திருப்பதும் தெரிந்தது. இனி வெட்கத்துக்கு இடமில்லை என்று துணிந்து, தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆங்கிலத்தில் விண்ணப்பித்தார்:

“ஐயா, அம்மையாரின் மேனியில் எந்த இடம் என்பதைத் தாங்கள் தயைகூர்ந்து ஒரு முறை தொட்டுக் காட்டினால், மாலைக்குள் சரியானதையே சமர்ப்பித்துவிடுவேன்.”

பாயிசாகேப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது கோபமா வேறெதுவுமா என்பது தெரியவில்லை. கானிட்கர் குவியலிலிருந்து கெண்டைக்கால் உறையை எடுத்து, அதைக்கொண்டே சந்திரமௌலியின் கால்களைச் சுட்டினார்.

கிளிப்புகளோடு அறைக்குள் வந்த ஒழுங்கீனத்தைத்தான் சுட்டுகிறார் என்று பதறிய சந்திரமௌலி, குனிந்து அவற்றைக் கழற்றிக் கால்சட்டையை இறக்கிவிட்டு, மீண்டும் விறைப்பாக நின்றார். “ஹோ சாகேப்.”

கானிட்கர் நாற்காலியில் சரிந்தார். பிறகு, முதல் நாள் சொன்ன அதே நீண்ட வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, டோண்டுவைப் பார்த்துச் சொன்னார்.

டோண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலி ஒன்றைச் சந்திரமௌலியின் பின்னால் நகர்த்திப் போட்டான்.

“‘போட்’ இல்லே அண்ணா, ‘போட்ரி’. அப்படின்னா கெண்டைக்கால். ‘ஆப்ல்யா’ன்னா ‘நம்ம’ன்னும் ஆகும், ‘உங்க’ன்னும் ஆகும். அவர் ‘பஸ்தோ கா’ன்னு கேட்டது, பட்டா சரியாப் பொருந்துதான்னு. சாகேப் சொன்னது இதுதான்: ‘இந்தக் காலோட நீங்க ஜபல்பூர் போக வேணாம், வேற ஆளை அனுப்பறேன், உங்க கெண்டைக்காலுக்கு ஒரு இலாஸ்டிக் பட்டா வாங்கிப் போட்டுக்கிட்டு, இனிமேயாவது என் எதிர்ல உக்காருங்க!’”