பஞ்சர் கடை அந்தமான்

செஞ்சியில் கடல் இல்லை என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை ஊரே அந்தமான் என்று கூப்பிட்டது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். நான் விசாரித்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பூகோள வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். கடைவீதியில் ஒரு மாடியறை கிடைத்தது. எதிரே அந்தமானின் வாடகைச் சைக்கிள் கடை. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. பொழுது சாய்ந்த பிறகும் அனல் கக்கும் பாறை. ஆறு என்றும் ஒன்று உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அதில் மாட்டுவண்டி போகும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் காலையில் கடையைத் திறந்ததும் விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்து, "இன்னிக்கு கெழக்குக் காத்து சார். அலை நல்லா ஏறும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வேறு அறை பார்க்கலாமா என்று யோசித்தேன்.

பத்தொன்பது வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அந்தமானுக்குக் கப்பலேறியவர். போர்ட் பிளேரில் ஒரு மோட்டார் படகில் ஆறு வருஷம் வேலை. தங்கை கல்யாணத்துக்காக நாற்பது நாள் லீவில் வந்தார். கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் அவருடைய நைனா, அதாவது அப்பா, பக்கவாதத்தில் விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நாற்பது நாள் லீவுக்கு ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பஞ்சருக்காகக் காத்திருப்பவர்கள்தான் அவருக்குச் சபை.

"ஞாயித்துக்கெழம வந்தா கரையில ஒருத்தன் இருக்க மாட்டான் சார். துடுப்புப் போட்டி ஒரு பக்கம். பலகையில குப்புறப் படுத்துக்கினு அலையோட வர்றது ஒரு பக்கம். நான் முங்கினா சங்கு இல்லாம மேல வரமாட்டேன். உள்ள கண்ணத் தொறந்தா மீனுங்க மஞ்சளா, ஊதாவா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி கூட்டமா நிக்கும். நாம போனா ஒதுங்கி வழி வுடும்."

அதற்குள் ட்யூபும் டயரும் தனித்தனியாகக் கிடக்கும். காத்திருப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் வண்டி இன்னா ஆச்சு?" என்பார். அந்தமானின் முகம் வற்றிப்போகும். ட்யூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தொட்டிதான் அவருக்குச் சமுத்திரம். திரும்பிப் போகும்போது பழக்கம் விட்டுப்போயிருக்கக் கூடாது என்று, தினமும் மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, மண்டியிட்டுத் தலையை அதில் அமிழ்த்தி மூச்சடக்குவார். பழுப்பேறி, கிரீஸ் மிதக்கும் தண்ணீர். ஒருநாள் தளவானூர் விவசாயி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் தலை, வெளியே அசையாத உடம்பு. பாவம், பதறிப்போய்த் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"படுத்த படுக்கையா இருக்கற நைனாவ உட்டுட்டு சாவப் பாக்கறியே, அறிவு இருக்குதா உனக்கு?"

அந்தமான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நூத்தி நாப்பது எண்ணிட்டேன். நீ வந்து கெடுத்துட்ட."

விவசாயி நம்பவில்லை. வீதி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஊர் போனார். அதன் பிறகு ஒரு மாதம் அந்தமான் எந்த வீட்டில் கயிறு கேட்டாலும் இல்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகிரி மலை ஏறுவார். உச்சியிலிருந்து பாண்டிச்சேரிக் கடல் தெரிகிறது என்பது அவர் கட்சி. நாற்பது மைல், தெரியாது என்பது என் கட்சி. பூகோள வாத்தியாருக்கு இது மானப் பிரச்சினை. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. கீழே கடலைக் கொல்லைகள், பனைமரங்கள், கானல்.

"அதோ பாருங்க சார். நீலமா."

"அது வானம்."

"வானத்துக்குக் கீழ?"

"அதுவும் வானந்தான்."

அவர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நீங்க புக்குல படிச்சவரு. நான் அதுல கெடந்தவன்" என்று மட்டும் சொன்னார். வாதத்தில் ஜெயித்தது நான். இறங்கி வரும்போது தலைகுனிந்து வந்ததும் நான்தான்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கோட்டை அடிவாரத்துச் செட்டிக்குளம் தளும்பியது. அந்தமானுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு லாரி ட்யூபுகளில் காற்றடித்து, மேலே மூங்கில் கட்டித் தெப்பம் செய்தார். படகுப் போட்டி என்று தமுக்கடித்து அறிவித்தார். போட்டிக்கு வேறு படகு வரவில்லை. ஊர் மட்டும் திரண்டு வந்தது. ஜவுளிக்கடைச் செட்டியார் கஞ்சி போட்ட வேட்டியுடன் தெப்பத்தில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து துவக்கிவைத்தார். நடுக்குளத்தில் மெல்லிதாக ஒரு சீறல் கேட்டது.

"அந்தமானே, இன்னா சத்தம் அது?"

"காத்துங்க."

"எந்தக் காத்து?"

"நம்ம காத்துதாங்க. போயிட்டிருக்குது."

நாற்காலி முதலில் போயிற்று. செட்டியார் அதைத் தொடர்ந்தார். அந்தமான் தலைகீழாகப் பாய்ந்து, அவரைக் குடுமியோடு பிடித்து, பத்துப் பன்னிரண்டு வீச்சில் கரை சேர்த்தார். அந்த மனிதர் நீந்துவதை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் அவருக்கு இடம் விட்டு விலகியது. கரையில் இருந்தவர்கள் ஒரு நிமிஷம் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு, பஞ்சர் கடைக்காரன் தெப்பமே பஞ்சர் என்று இரண்டு அறுவடைக்காலம் சிரித்தார்கள்.

அவருடைய வருத்தம் வேறு. "அலை இல்லாத தண்ணி சார். செத்த தண்ணி."

பங்குனியில் அந்தத் தண்ணீரும் இல்லை.

ஒருநாள் கேட்டேன், "தங்கச்சி வீட்டுல நைனாவ விட்டுட்டுப் போகக் கூடாதா?"

"என் கையாலதான் அவருக்குச் சோறு எறங்குது சார். வேற யாரு குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டறாரு. இன்னா பண்றது?"

லீவின் ஒன்பதாவது வருஷம் நைனா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும் அந்தமான் போர்ட் பிளேரில் தன் பழைய படகுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இடம் இருக்கிறது, மெட்ராஸில் டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு கப்பலேறு என்று பதில் வந்தது. திண்டிவனம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிடக் கடைவீதியே வந்தது. செட்டியார் மாலை போட்டார். பஸ் புளியமரங்களுக்குப் பின்னால் மறையும்வரை அந்தமான் ஜன்னலில் கையாட்டிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் காலை மாடியிலிருந்து பார்த்தேன். கடை திறந்திருந்தது.

இறங்கி ஓடினேன். முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

"டாக்டரு காதுல லைட்டு வச்சிப் பாத்தாரு சார். ரெண்டு காதும் ஓட்டையாம். அழுக்குத் தண்ணில முங்கி முங்கி சீழ் புடிச்சிருக்குது. இனிமே தல நனையக் கூடாதுன்னுட்டாரு. தண்ணி வேலைக்கு எடுக்க மாட்டாங்க." காதுப் பஞ்சை அழுத்திவிட்டுக்கொண்டார். "பஞ்சர். ஒட்டுப் போட முடியாதாம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. போவதற்காக ஒன்பது வருஷம் செய்த பயிற்சிதான் அவரைப் போகவிடாமல் செய்துவிட்டது.

இரண்டு அறுவடைக்காலம் சிரித்த ஊர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் பேசவில்லை. காலையில் காற்று பார்ப்பதில்லை, அலை ஏறுவதில்லை. கொடுத்த சைக்கிளை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து தந்தார். வாடிக்கைக்காரர்களுக்கே சகிக்கவில்லை, கடை வாசலில் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். இந்த மனிதர் கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்தவன் நான். பத்து நாள்கூடத் தாங்க முடியவில்லை.

"எனக்கு நீச்சல் கத்துக் குடுக்கறீங்களா?" என்று போய்க் கேட்டேன்.

"நான் எறங்கக் கூடாது சார்."

"நீங்க மேல நில்லுங்க. எறங்க வேண்டியது நான்தானே?"

நிமிர்ந்து பார்த்தார். "தண்ணின்னா பயமா?"

"ரொம்ப."

"அப்போ சாயந்திரம் வாங்க."

ஊருக்கு வெளியே ஒரு கொல்லைக் கிணறு. என் இடுப்பில் கயிறு. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் அவர். "தண்ணிய அடிக்காதீங்க சார், தள்ளுங்க." காதில் பஞ்சு இருந்ததாலோ என்னவோ, நான் போட்ட கூச்சல் எதுவும் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நாலாம் நாள், நான் மூன்றாவது தடவை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மேலே குரல் கேட்டது. "அங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா சார்? விடியக்காலம் படகுலருந்து அப்படியே குதிப்போம்…" அன்று இருட்டும்வரை பேசினார்.

இருபதாம் நாள் கயிறு தளர்ந்து கிடந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதம், தினமும் சாயங்காலம் போய், நீச்சல் தெரியாதவனாகவே மூழ்கிக்கொண்டிருந்தேன்.