எண்பதோடு நிறுத்தியவன்

ஒன்றுமே தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். நிஜமாகவே தெரிந்தவனுக்குத் தன் வேலையைப் பார்க்கவே நேரம் இருக்காது. ஊரில் ஓயாமல் அறிவுரை சொல்லித் திரிகிறவர்கள் எல்லாம் மூன்று வீடியோ பார்த்த ஆட்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு, இருபத்தாறு வயதில், நான் அப்படி ஒரு ஆளாக இருந்தேன். என் துறை, லேப்டாப் பேட்டரி.

(துறை என்று நானேதான் சொல்லிக்கொண்டேன். படித்தது பி.காம். வேலை, தென்காசியில் ஒரு வக்கீலிடம் டைப் அடிப்பது. அங்கே கம்ப்யூட்டருக்குப் பேட்டரியே கிடையாது.)

சொந்தமாக லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து நான் அதில் வேலை பார்த்ததைவிட அதன் பேட்டரியைப் பேணியதுதான் அதிகம். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டேன். இருபதுக்குக் கீழே இறங்க விட மாட்டேன். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்து, திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் படம் பார்ப்பேன். கீபோர்டு விளக்கு, ப்ளூடூத் எல்லாம் அணைத்தாயிற்று. ஒரு கட்டத்தில் அதில் செய்வதற்கு மிச்சம் இருந்த ஒரே வேலை, எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். அதைப் பெருமையாக வேறு நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

வீட்டில் யார் போனைச் சார்ஜில் போட்டாலும் பின்னாலேயே போய் எண்பதில் பிடுங்கிவிடுவேன். அப்பா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஏலே, என் போன் செத்தா எனக்குத்தானலே சாவும்? உனக்கு என்ன வந்துச்சு?" அவருக்கு விஞ்ஞானம் தெரியவில்லையே என்று நான் பரிதாபப்பட்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் அக்காவுக்கு இன்டர்வியூ வந்தது. முத்துலட்சுமி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணக்கு டீச்சர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஏழு வருடம் வீட்டில் இருந்தாள். அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார், அதனால் அக்காவும் பிள்ளைகளும் எங்களோடுதான். திரும்ப வேலைக்குப் போக அவள் போடாத மனு இல்லை. "ஏழு வருஷம் சும்மாவா இருந்தீங்க மேடம்?" என்று கேட்டே எல்லாரும் அனுப்பிவிட்டார்கள். (இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்கு ஊரில் பெயர் சும்மா இருப்பது.) கடைசியில், ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வேலை. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் முன்னால் பின்னக் கணக்கு நடத்திக்காட்ட வேண்டும். செல்போனில் வரக்கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு வாரமாக அக்கா அடுப்படியில் நின்று புளிக்குழம்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பேப்பரைப் பிரித்தால், செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை!

எங்கள் வீட்டில் மின்தடை நாள் என்றால் அருவி நாள். ஃபேன் ஓடாது, மோட்டார் ஓடாது, பிறகு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? சீசனும் சாரலுமாக இருந்தால் அம்மா இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எல்லாரையும் குற்றாலத்துக்குக் கிளப்பிவிடுவாள். அங்கே ஒரு லாட்ஜில் சித்தப்பா மேனேஜர். பேப்பரைப் பார்த்ததும் அவரே போன் போட்டார்.

"ஏம்மா முத்து, நீயும் பேசாம இங்கன வந்திரு. ஜெனரேட்டர் இருக்கு. மாடியில ஒரு ரூம் போட்டு வைக்கேன். கதவச் சாத்திக்கிட்டு நிம்மதியாப் பேசு."

அக்காவுக்கு உயிர் வந்தது. சரி என்று சொல்லியும்விட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை இது. நான் போனை வாங்கினேன்.

"சித்தப்பா, சீசன் கூட்டத்துல வச்சா இன்டர்வியூ? அந்த இரைச்சல்ல இவ பேசுறது யாருக்குக் கேக்கும்? ரூமெல்லாம் வேண்டாம். என் லேப்டாப் சார்ஜரே இல்லாம ஏழு மணி நேரம் தாங்கும்."

"ஏழு மணி நேரமாலே?" என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

"ஏழு. நான் மெயின்டெயின் பண்ணுத விதம் அப்படி."

அக்கா என்னை நம்பினாள். இன்றைக்கும் என்னைக் குத்துவது அதுதான். வேறு யாராவது நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு லேப்டாப் எண்பதைத் தொட்டது. நான் சார்ஜரைப் பிடுங்கினேன்.

"ஏலே, ஏன் புடுங்குத? இன்னும் அரை மணி நேரம் கரண்டு இருக்குலா?"

"எண்பது ஆயிட்டுக்கா."

"நூறு வரைக்கும்தான் ஏறட்டுமே. இன்னைக்கு ஒரு நாள்தானலே?"

"எல்லாரும் இன்னைக்கு ஒரு நாள், இன்னைக்கு ஒரு நாள்னு சொல்லித்தான்கா பேட்டரிய நாசமாக்குதாங்க."

நான்கு வருடம் கழித்து அந்தப் பேட்டரி எப்படி இருக்கும் என்று அப்படி ஒரு அக்கறை எனக்கு. இரண்டரை மணி நேரம் கழித்து அக்கா எப்படி இருப்பாள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் அருவிக்குக் கிளம்பிப் போனார்கள். அக்கா குளிக்கப் போனாள். வீட்டில் என்னைத் தடுக்க ஆள் இல்லாத அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சூடு பேட்டரிக்குப் பகை. இது உண்மை. அப்படியானால் குளிர் அதற்கு நல்லது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. குளிர்ந்து கிடந்தால் பேட்டரி சீக்கிரம் கையை விரித்துவிடும் என்று நான்காவது வீடியோவில் சொல்லியிருப்பார்கள் போல. நான்தான் மூன்றோடு நிறுத்தியிருந்தேனே. அம்மாவின் பழைய சேலை ஒன்றில் லேப்டாப்பைச் சுற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். கரண்ட் இல்லாவிட்டாலும் குளிர் தங்கும், திறக்காமல் இருந்தால் போதும். இந்தப் புத்திசாலித்தனம் வேறு.

பத்தரைக்கு அக்கா நீலச் சேலையும் பவுடருமாக வந்தாள். "லேப்டாப் எங்கலே?"

"கொஞ்சம் பொறுக்கா. குளிரட்டும்."

"என்னது குளிரட்டும்?"

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். போய்த் திறந்தாள். தோசை மாவுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் அவளுடைய ஏழு வருடக் காத்திருப்பு சேலை சுற்றிக் கிடந்தது.

"கூறுகெட்ட மூதி! பொணத்த வச்ச மாதிரில்லாலே வச்சிருக்க!"

"அக்கா, இதுக்குப் பின்னால ஒரு சயின்ஸ் இருக்கு."

"இன்டர்வியூ முடியட்டும். உன் சயின்ஸுக்குக் கருமாதி வைக்கேன்."

வெளியே சாரல், வீட்டுக்குள் ஈரக் காற்று. சில்லென்று வெளியே வந்த லேப்டாப்புக்கு இரண்டே நிமிடத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. கேமரா மேல், கீபோர்டு மேல், எங்கு பார்த்தாலும் முத்து முத்தாகத் தண்ணீர். துடைக்கத் துடைக்க வந்தது. ஆன் செய்தால் எழுபத்தொன்று காட்டியது. என் போனிலிருந்து நெட் கொடுத்து, பதினோரு மணிக்குள் அவளை உள்ளே சேர்த்தபோது ஐம்பத்தெட்டு. வெளிச்சத்தை இன்னும் குறைத்தேன். இப்போது திரையில் இருந்த மூன்று பேரும் அக்காவுக்கு மூன்று கரும்புள்ளிகள்.

அந்த மூவரில் ஒரு அம்மாதான் முதலில் பேசினார். "மேடம், உங்க பக்கம் ஒரே புகையா தெரியுது. அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம், கிளைமேட் அப்படி" என்றாள் அக்கா. நல்ல பெண், அந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் கேமராவுக்குத் தெரியாமல் மேஜை ஓரத்தில், மூக்கை நீட்டினால் திரை தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தேன். பேட்டரி நிலவரத்தை அவளுக்குச் சொல்லியாக வேண்டுமே! பிள்ளைகளின் சிலேட்டை எடுத்து, இறங்க இறங்க எழுதிக் காட்டினேன். நாற்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. பிள்ளைகளுக்குக் கணக்கு ஏன் பயமாக இருக்கிறது என்று அவள் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையைச் சுழற்றி, "சுருக்கமாச் சொல்லுக்கா, சுருக்கமா" என்று கிசுகிசுத்தேன். ஏழு வருடத்தில் முதல்முறையாக நாலு பேர் அவள் பேசுவதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவது ஆள் வாயை மூடச் சொல்கிறான்.

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் மேடம்?" என்று கேட்டார் இன்னொருவர்.

அந்த விநாடிதான் நான் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன். பதற்றத்தில் இருந்த அக்கா அதைப் பார்த்து, "முப்பத்தேழு" என்றாள்.

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம். "உங்க வயசே முப்பத்திநாலுன்னுதானே மேடம் போட்டிருக்கு?"

அக்கா எப்படியோ சமாளித்துப் பாடத்துக்கு வந்தாள். முழு வட்டத்தை நாலாகப் பிரித்து, கால், அரை என்று வந்துகொண்டிருந்தபோது பத்தொன்பது என்று எழுதக் குச்சியை எடுத்தேன். எழுதி முடிக்கவில்லை, லேப்டாப் செத்துவிட்டது. (வெளிச்சம் ஏற்கெனவே இல்லாததால் அது செத்ததைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை நிமிடம் பிடித்தது. அக்கா அதுவரைக்கும் செத்த லேப்டாப்புக்குத்தான் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள்.)

என் போனிலிருந்து கம்பெனிக்குக் கூப்பிட்டு அக்கா கெஞ்சினாள். பன்னிரண்டுக்குள் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா பின்னால் உட்கார்ந்து, மழைக்கோட்டுக்குள் லேப்டாப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மேலகரம் வரைக்கும் திட்டினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. திட்டினபோதே நன்றாக இருந்தது. குற்றாலம் சாலையில் சீசன் வண்டிகள், வேன், ஆட்டோ, நடுவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிற கூட்டம். பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

லாட்ஜில் மாடி ரூம் போய்விட்டது. வேண்டாம் என்று நான்தானே சொன்னேன், சீசனில் யார் சும்மா வைத்திருப்பார்கள்? ரிசப்ஷன் மேஜை பக்கத்தில் இருந்த பிளக்கில் சொருகினோம். அங்கே உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒற்றைத் துண்டோடு நாலு பேர் அருவிக்குக் கிளம்ப வேனுக்காக நின்றார்கள். சித்தப்பா பாசத்தோடு, கைக்குக் கிடைத்த துண்டால் கேமராவை நன்றாகத் துடைத்துவிட்டார். அது எண்ணெய்த் துண்டு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா உள்ளே போனாள். சேலை நனைந்து, பவுடர் கரைந்து, முடி நெற்றியில் ஒட்டியிருக்க, பின்னால் மினுமினுவென்று நாலு வெற்று உடம்புகள். திரையில் இருந்த அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மேடம், நீங்க சேஃபா இருக்கீங்களா? யாரையாவது கூப்பிடணுமா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம். பாடத்த முடிச்சிருதேன்" என்று அக்கா ஆரம்பித்தாள். "ஒரு எலுமிச்சம்பழத்த நாலா வெட்டி அதுல ஒண்ண எடுத்துட்டா மீதி எவ்வளவு?"

"முக்கால்" என்றார் பின்னால் நின்ற ஒரு எண்ணெய்க்காரர். சரியான விடை. ஆனால் அவரை யாரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. வேண்டாமாம். அக்கா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று கதவைத் தட்டினேன். திறந்தாள்.

"ஏலே, இப்பம் அதுல எவ்வளவு இருக்கு?"

பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். "எண்பது."

கதவு மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது.

அடுத்த எட்டு மாதம் அக்கா இன்டர்வியூ பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு நாள் காலையில் அம்மா பையைக் கொடுத்து, "பாவூர்சத்திரம் போயி பத்துக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வா. மார்க்கெட்டுல நல்லா அலசிப் பாத்து, நிதானமா வா" என்றாள். பத்துக் கிலோ எதற்கு என்று கேட்காமல் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் வீடே அல்வா தின்றுகொண்டிருந்தது. அக்காவுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது.

"எப்பக்கா இன்டர்வியூ?"

"நீ வெங்காயம் வாங்கும்போது."

அன்று முதல் எங்கள் வீட்டில் இது சட்டம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், நான் பாவூர்சத்திரம். அக்கா மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன், நான் பாவூர்சத்திரம். மார்க்கெட்டில் எடை போடுகிற அண்ணாச்சி என்னைக் கண்டாலே, "வீட்டுல என்ன விசேஷம் தம்பி?" என்றுதான் கேட்கிறார்.

போன தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டிலேயே. பெண் வீட்டார் பத்தரைக்கு வருவதாகப் பேச்சு. எட்டு மணிக்கே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். போட்டோகிராபர் கேமராவுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். நல்லது சொல்லலாமே என்று அவர் பக்கத்தில் போய், "அண்ணே, அத முழுசா ஏத்தாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

பட்டு வேட்டியோடு பஸ் ஏறினேன். அன்றைக்குப் பெண் வீட்டார் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டார்களாம். மாப்பிள்ளையை எங்கே காணோம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"வெங்காயம் வாங்கப் போயிருக்கான்" என்றாளாம் அக்கா. "அவன் வாரதுக்குள்ள எல்லாத்தையும் பேசி முடிச்சிருவோம்."