ஒரு சாண் தூரத்தில் மொத நம்பர்

ஜூன் மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி ஐம்பத்தேழு நிமிடம். முந்தின மாலை அடித்த இடிமழையில் சாக்கடைகள் நிரம்பியிருந்தன. வெயில் ஏறி, தார்ச்சாலை இட்லிப் பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் என் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கிய மனிதரைப் போல இன்னொருவர் இந்த ஜொகூர் மாநிலத்தில் கிடையாது. இருந்தால் மாநிலம் தாங்காது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள நாற்பத்திரண்டு வீடுகளில் யாருக்கும் அது நினைவில்லை. ‘மொத நம்பர்’ என்றால்தான் தெரியும். கடைக்கு எந்தப் புதுப்பொருள் வந்தாலும் வரிசையின் முதல் நம்பர் சீட்டு அவர் கையில்தான் இருக்கும். இரண்டாம் நம்பர் கிடைத்தால் பொருளே வேண்டாம் என்று திரும்பிவிடுவார். அப்படி ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. இரண்டு நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரன் என்பதால் எல்லா அதிர்ச்சியும் முதலில் எனக்குத்தான். தானாகத் தரை பெருக்கும் இயந்திரத்தை எங்கள் தாமானுக்குக் கொண்டுவந்தவர் அவர். பொங்கலன்று அது வாசலுக்கு வந்து, அவர் மனைவி ஒன்றரை மணி நேரம் குனிந்து போட்ட கோலத்தை நான்கே நிமிடத்தில் விழுங்கிவிட்டு, நேராகச் சாக்கடையில் இறங்கியது. அடுத்து, தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம். எவ்வளவு தூங்கினோம் என்று பார்ப்பதற்காகவே ராத்திரியில் ஆறு முறை எழுந்துகொள்வார். காலையில் என்னிடம் வந்து, “பாருங்கண்ணே, கரெக்டா சொல்லுது. நான் தூங்கவே இல்ல” என்று பெருமையாகக் காட்டுவார்.

நான் முப்பத்துமூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன். எந்தப் புதுப்பொருளானாலும் ஆறு மாதம் பொறுத்தால் அதன் நோயெல்லாம் வெளியே வந்துவிடும், அப்புறம் வாங்கலாம் என்பது என் கொள்கை. அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். “நோயெல்லாம் தெரிஞ்சப்புறம் வாங்குனா அதுக்குப் பேரு வாங்குறதா அண்ணே? அது மிச்சம் பொறுக்கறது லா” என்பார்.

மே மாத நடுவில் வந்தது அந்த டேப்லட். ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளி. தொகையைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரே அதைவிடக் குறைவு. அதற்கு நான்கு சக்கரமும் ஒரு ஸ்பேர் சக்கரமும் இருந்தன. கண் ஆப்பரேஷன் முடிந்த பத்தாவது நாள், இடது கண்ணில் கட்டோடு, விடிகாலை ஐந்து நாற்பதுக்கே பேரங்காடி வாசலில் போய் நின்றிருக்கிறார். கடை திறப்பது பத்து மணிக்கு. கையோடு தன் பழைய கைப்பேசியையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். போன் இல்லாமல் எப்படி என்று பதறினேன். எல்லாம் இதிலேயே வரும், இனிமேல் போன் எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆனால் இந்த முறை அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் அவர் மகளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது, பையன். மனைவி பிரசவத்துக்கு முன்பே போய்விட்டார். இவர் கிளம்ப இருந்த வாரத்தில்தான் கண்ணில் கோளாறு. கண்ணுக்குள் வாயு ஏற்றியிருக்கிறோம், அது கரையும் வரை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பதாம் நாள் பெயர் சூட்டு. தாத்தா குழந்தையின் வலது காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அதைத் திரை வழியாகவாவது சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒற்றைக் கண்ணுக்குச் சின்னத் திரையில் குழந்தையே தெரியாது, காது எங்கே தெரியும்? அதற்குத்தான் இந்தப் பெரிய திரை. லைன் கிடைக்காவிட்டால் அங்கே இருக்கும் சம்பந்தி பெயரைச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

“பட்டன் போன் வெச்சிருக்கிறவரு அண்ணே அவரு. அவரு என் பேரனுக்கு மொத ஆளா பேரு சொல்றதா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கட்டில்லாத கண் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த டேப்லட்டுக்கு ஒரே ஒரு குறை. இணையம் அதில் நிற்காது. மோடத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் வைஃபை அறுந்துவிடும். நான் அடிக்கோலை எடுத்துப்போய் அளந்தேன். ஒன்பது அங்குலத்தில் வரும். பதினோரு அங்குலத்தில் வராது. ஆக மொத்தம் ஒரு சாண். நாற்பது நிமிடத்தில் பதினான்கு முறை லைன் அறுந்ததை நானே எண்ணினேன். அவர் வீட்டு மோடம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மூன்று வாரம் மனிதர் அந்தப் படிக்கட்டுக்கு அடியிலேயே குடியிருந்தார். சாப்பாடு, பேப்பர், கண்ணுக்குச் சொட்டு மருந்து எல்லாம் அங்கேதான். ஆறாயிரத்துக்கு ஒரு வெள்ளி குறைந்த பொருள், கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி கிடந்தது.

கடைக்கு ஐந்து முறை போனோம். ஐந்து முறையும், “அப்டேட் வரும் அங்கிள், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா” என்றார்கள். இவருக்கோ அதில் வருத்தமே இல்லை. உலகம் முழுக்க இதை முதலில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இணையத்தில் ஓரிடத்தில் கூடிப் புலம்புகிறார்கள், அங்கே இவரும் சேர்ந்துவிட்டார். மெக்ஸிகோவில் ஒருவருக்கு அச்சு அசல் இதே கோளாறு என்று ஒருநாள் பூரிப்போடு சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா அவரு ரெண்டாவது நாள்தான் வாங்கியிருக்காரு” என்றார்.

இப்போது கேட்டுக்கு வருகிறேன். முந்தின மாலை விழுந்த இடியில் அவர் வீட்டு மோடம் கருகிவிட்டது. எங்கள் வரிசையில் மொத்தம் ஒன்பது மோடம் போயிற்று, என்னுடையது உட்பட. பெயர் சூட்டு பத்தரை மணிக்கு. பெர்த்திலும் நம் நேரம்தான். முதல் முறையாக அவர் முகத்தில் ரத்தம் இல்லாததைப் பார்த்தேன்.

என் கைப்பேசியின் லைனை டேப்லட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்றார். என் கைப்பேசியிலேயே பேசிவிடலாமே என்றேன். அதன் திரையில் விழுந்திருக்கும் விரிசல்களைப் பார்த்துவிட்டு, இதில் பேரனுக்கு எது காது, எது மூக்கு என்று கேட்டார். நியாயம்தான். பதினோரு விரிசல்கள். ஆனால் எங்கள் தாமானில் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் வந்தால் பெரிது. கடற்கரையில் நன்றாக வரும் என்றார். காரை எடுத்தேன். எட்டு கிலோமீட்டர், ஏழு சிவப்பு விளக்கு.

கடற்சுவரை நெருங்கியதும் என் கைப்பேசியில் சிக்னல் நான்கு கோடும் நிரம்பியது. அப்படி ஒரு சிக்னலை நான் அதில் பார்த்ததே இல்லை. அவர் டேப்லட்டைச் சுவரில் சாய்த்துப் பிடித்தார். நான் ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தன் குடையைக் கொண்டுவந்து திரைக்கு நிழல் பிடித்தார்.

பத்து முப்பத்தாறு. திரையில் மகள், மருமகன், பின்னால் தொண்டையைச் செருமித் தயாராக இருக்கும் சம்பந்தி. மொத நம்பரின் மனைவி முன்னால் வந்து, “எங்க போனீங்க? அவரு பேரு சொல்ல உக்காந்துட்டாரு” என்றார்.

“எந்திரிக்கச் சொல்லு. நான் வந்துட்டேன்.”

அந்த நொடியில் என் கையில் கைப்பேசி அதிர்ந்தது. குறுஞ்செய்தி. சிங்கப்பூர் தங்களை வரவேற்கிறது என்று போட்டு, அதன் கீழே ஒரு மெகாபைட்டுக்கு எவ்வளவு என்று ஒரு விலையும் போட்டிருந்தது. நான் நிற்பது மலேசியாவின் ஜொகூர் மண்ணில். கைப்பேசி மட்டும் என்னைக் கேட்காமல் கடல் தாண்டி அக்கரை லைனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இதற்குப் பயந்து வெளிநாட்டு லைனைப் பிடிக்கும் ரோமிங் வசதியை அடைத்தே வைத்திருப்பார்கள். நானோ மருமகள் வளைகாப்புக்குச் சிங்கப்பூர் போனபோது திறந்துவிட்டதை அப்படியே விட்டிருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் நிறுத்திவிடலாம். கட்டை விரல் அதன் மேல்தான் இருந்தது.

“நிலவன்” என்றார் மொத நம்பர், திரையில் தெரிந்த அந்தச் சின்னக் காதருகே வாயை வைத்து.

தொப்பி காதை மறைக்கிறது, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார் அவர் மனைவி. தொப்பியை அவிழ்க்க நான்கு நிமிடம். மனத்துக்குள் மெகாபைட்டுகளைப் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

“ரொம்ப நேரமா நீட்டிக்கிட்டு நிக்கிறீங்களே அண்ணே. கை வலிக்குதா?”

“இல்லப்பா. நீ சொல்லு. நல்லா நிதானமா சொல்லு.”

மூன்று முறை சொன்னார். கட்டு போட்ட கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. பிறகு பேரனின் கால் விரல்களைக் காட்டச் சொல்லி, பத்தையும் என்னை எண்ணச் சொன்னார். எண்ணினேன். மொத்தம் இருபத்தாறு நிமிடம். லைன் ஒரு முறைகூட அறுபடவில்லை. “பாத்தீங்களா, சாமான் நல்ல சாமான்தான்” என்றார் திரும்பும் வழியில்.

மாதக் கடைசியில் பில் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை பார்த்தேன். அந்த இருபத்தாறு நிமிடத்துக்கு மட்டும் முந்நூற்று நாற்பத்தொரு வெள்ளி அறுபது காசு. அன்று மாலையே அவர் வந்து, என் லைனுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். மூன்று வெள்ளி இருபது காசு என்றேன். சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனார். முப்பத்துமூன்று வருடக் கிராணி, ஒருவரிடம் கணக்கைத் தப்பாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

இதை அவர் படித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கில்லை. அச்சுப் பத்திரிகையை அவர் தொடுவதில்லை. இணையத்தில் வந்தாலும் அந்த டேப்லட்டில் முதல் பத்தி திறப்பதற்குள் லைன் போய்விடும். ஆகவே இங்கே சரியான கணக்கை எழுதிவிடுகிறேன். அவர் கொடுத்தது போக எனக்கு ஆன செலவு முந்நூற்று முப்பத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.