நாற்பத்து மூன்று தாழிகளும் ஒரு விசிலும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே விசில் சாரின் விசிலுக்கு நிற்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. ஆடு நிற்கும், மாடு நிற்கும், காரியாபட்டிச் சந்தைக்குப் போகிற லோடு ஆட்டோ நிற்கும். ஒருமுறை கல்யாண ஊர்வலத்தில் காரில் போன மாப்பிள்ளை சத்தம் கேட்டதும் இறங்கி நின்று, "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றார். அவர் எங்கள் பழைய மாணவர்.

விசில் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாங்கள் வேலை பார்த்த அரசுப் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியர், நான் கணக்கு வாத்தியார். முகத்துக்கு நேரே அவர் 'விசில் சார்', முதுகுக்குப் பின்னால் 'விசிலு'. என்னை அவர் 'கணக்கு' என்று கூப்பிடுவார். பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஏறி இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம். ஒருநாள் ஜன்னல் வழியே யாரோ வேப்பங்கன்றை ஒடிப்பதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஊதினார். டிரைவர் அதைக் கண்டக்டரின் விசில் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தார். கருவேலங்காட்டுக்கு நடுவில் பஸ் நின்றது. ஒருத்தர் தூக்கத்தில் இறங்கியும் விட்டார்.

"சார், ஒரு பஸ்ஸுக்கு ஒரு விசிலுதான். நீங்கதான் ஊதுவீகன்னா டிக்கெட்டையும் நீங்களே கிழிச்சுக் குடுங்க" என்றார் கண்டக்டர்.

டிரைவர் திரும்பி, "இனிமே இவுக விசிலுக்கு வண்டி நின்னுச்சுன்னா நான் ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விசிலுக்கு அடுத்தபடியாக அவருக்கு உயிர் சுண்ணாம்புத்தூள். கபடி மைதானத்துக்குக் கோடு போட வாங்குவார். மிச்சம் இருப்பதைக் கொண்டு, தனக்குப் பிரியமான எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டுவிடுவார். தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஒரு வட்டம், மகிழங்கன்றைச் சுற்றி ஒரு வட்டம். மேடைக்கடியில் குட்டி போட்ட நாய்க்கும் ஒன்று. கேட்டால், "கோட்டுக்குள்ள இருந்தா பத்திரம், கணக்கு" என்பார். நாய் அதை மதித்ததோ இல்லையோ, பிள்ளைகள் மதித்தார்கள்.

ஒரு வருடம் மைதானத்தின் கிழக்கோரம் நீளம் தாண்டும் குழி வெட்டும்போது மண்வெட்டி எதிலோ முட்டியது. மண்ணை விலக்கினால், ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பானை. எங்கள் பக்கம் இதை மதமதக்கத் தாழி என்பார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்தது. மைதானத்தை ஒட்டிய மேடு முழுக்க இதுதான் என்பது ஊருக்கே தெரியும், யாரும் சட்டை செய்ததில்லை. தொல்லியல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பானையைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருசத்துக்குக் குறையாது. முறையாத் தோண்ட அனுமதி கேட்டிருக்கோம், பொங்கல் கழிச்சு வருவோம். அதுவரைக்கும் இந்த மேட்டைப் பாத்துக்கங்க" என்று எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பானையோடு போனார். பதினான்கு ஆசிரியர்கள் தலையாட்டினோம். பதின்மூன்று பேர் மத்தியானச் சாப்பாட்டோடு அதை மறந்தோம்.

விசில் சாருக்கு அது அரசாணை. காலையில் மேட்டை ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. மேட்டில் காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்கள் விசிலுக்குப் பயந்து வயிற்றை ஊர்க் கண்மாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பள்ளியைப் பெருக்கும் பேச்சியக்கா வீட்டில், கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த கறுப்புச் சிவப்புச் சட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"யக்கா, இது யாரோடதுன்னு தெரியுமா?"

"எங்க கோழியோடது சார்."

"செத்தவுகளுக்குச் சோறு வச்சு அனுப்புன சட்டிக்கா இது."

"அவுக உண்டு முடிச்சு எம்புட்டுக் காலமாச்சு. எச்சிச் சட்டியக் கோழிக்கு வச்சா என்ன சார் குத்தம்?"

விசில் சார் அத்தோடு விடவில்லை. மறுநாள் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சட்டியை வாங்கிக்கொண்டார். எவர்சில்வரில் கோழி வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்று அக்கா மூன்று மாதம் புகார் சொன்னார்.

ஐப்பசி மழையில் மேட்டு மண் கரைந்து, தாழிகளின் வாய் வரிசையாக வெளியே தெரிந்தது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் அந்த வழியாகத்தான் போகும். சக்கரம் ஏறினால் நொறுங்கிவிடுமே என்று விசில் சாருக்கு ஒரே பதற்றம். வேறென்ன செய்வார், ஒவ்வொரு தாழியைச் சுற்றியும் ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, பக்கத்தில் நம்பரும் எழுதினார். மொத்தம் நாற்பத்து மூன்று. ஆரம் இரண்டடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைகிறது என்று குற்றம் கண்டுபிடித்தவன் நான். எனவே அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

டிராக்டர்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். திருடர்கள் ஒதுங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஏழு, பத்தொன்பது, இருபது என்று மூன்று தாழிகள் உடைந்து கிடந்தன. உள்ளே இருந்த சின்னச் சட்டிகளையும் பாசிமணிகளையும் அள்ளிப் போயிருந்தார்கள். திருடனுக்கு வழி காட்டியது மட்டுமில்லை, நம்பர் போட்டு வேறு கொடுத்திருந்தோம்.

நான் போனபோது விசில் சார் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த ஓடுகளையும் எலும்புத் துண்டுகளையும் மூன்று யூரியா சாக்குகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"ஒருத்தவுக இன்னொருத்தவுகளோட கலந்திரக் கூடாதுல்ல, கணக்கு" என்றார். "பெத்ததோ கட்டுனதோ, யாரோ அழுதுகிட்டே சோறு வச்சு அனுப்பியிருக்காக. நான் கோடு போட்டுத் திருடனுக்குக் குடுத்துட்டேன்."

அன்றைக்கு அவர் கழுத்தில் விசில் இல்லை. பதினாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா நல்ல மனிதர், ஆனால் சட்டப்படி பேசுகிறவர்.

"காணாமப் போனது என்ன சார்?"

"சட்டி, பாசிமணி."

"யாரோடது?"

"பேரு தெரியாது. செத்து ரெண்டாயிரம் வருசமாச்சு."

ஏட்டையா பேனாவை மூடினார். "மேட்டுக்குப் பட்டா யாரு பேருலயும் இல்ல. பறிகொடுத்தவுகளும் உசுரோட இல்ல. உசுரோட இருக்கிற ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார், எழுதிக்கிறேன்." தொல்லியல் துறைக்குத் தகவல் அனுப்புகிறோம் என்றும் சொன்னார். அது போய்ச் சேருவதற்குள் மிச்சம் நாற்பதும் போய்விடும்.

பஸ்ஸில் திரும்பும்போது விசில் சார் முன் சீட்டின் முதுகில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "வட்டத்தை அழிச்சா மட்டும் பத்தாது, கணக்கு. காணலைன்னா தேடுவான். வட்டம் இருக்கணும். ஆனா வேற இடத்துல இருக்கணும்" என்றார். அன்று சாயங்காலமே மேட்டிலிருந்த வட்டங்களை அழித்து, தாழி வாய்களை மண் போட்டு மூடி, மேலே கருவேல முள்ளைப் பரப்பினோம். ஓடையைத் தாண்டினால் அழகர்சாமி அண்ணாச்சியின் தரிசு. மேலே நாலு விரல் மண், கீழே முழுக்கச் சுக்கான் பாறை. கடப்பாறை போட்டால் கடப்பாறைதான் வளையும். அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டம் போட்டு, நம்பர் எழுதி, ருசிக்கு உடைந்த பூந்தொட்டித் துண்டுகளையும் தூவினோம். இருட்டில் வருகிறவனுக்கு வெள்ளை வட்டம் ஒன்றுதான் வழிகாட்டி.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தன் வரப்பில் வாய் வைத்த ஆட்டுக்காக ஆறு வருடம் வழக்கு நடத்தியவர் அவர். நான் வருகைப் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"எங்காட்டுல வட்டம் போட்டது யாரு?"

விசில் சார் எழுந்து நின்றார். "நான்தான் அண்ணாச்சி."

"பதினோரு குழி தோண்டிக் கெடக்கு."

"மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி, மூடித் தந்திர்றோம்."

"மூடுறதா? நல்லாச் சொன்னீக போங்க. நெல்லிக் கன்னு வைக்க மூணு வருசமா ஆளு தேடுறேன், சுக்கானைப் பாத்ததும் கடப்பாறையப் போட்டுட்டு ஓடிப்போறான். இவனுக யாரு பெத்த பிள்ளைகளோ, ஆள் இடுப்பளவுக்குத் தோண்டியிருக்கானுக." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா வாத்தியாரே, இப்படிக் கண்டமேனிக்குப் போட்டா எப்படி? இருபதடிக்கு ஒண்ணு, வரிசை பிடிச்சுப் போடுங்க. தண்ணி பாச்ச வேணாமா?"

அன்றிலிருந்து என் கணக்குக்கும் வேலை வந்தது. நூல் பிடித்து, மூலை மட்டம் பார்த்து, வரிசைக்கு ஆறாக வட்டம் போட்டோம். செத்தவர்களை இருபதடிக்கு ஒருவராக, கபடி அணி போல வரிசையில் நிறுத்திப் புதைத்த ஊர் உலகத்தில் எங்காவது உண்டா? அந்தத் திருடர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ராத்திரி வந்து வரிசை மாறாமல் தோண்டிவிட்டுப் போனார்கள். அவ்வப்போது ஒரு பூந்தொட்டித் துண்டு காணாமல் போகும். பேராசை கண்ணை மறைக்கும் என்பார்கள், இவர்களுக்கு மூளையையும் சேர்த்து மறைத்துவிட்டது.

விஷயம் காடுகரை வைத்திருக்கும் சம்சாரிகளுக்குள் பரவியது. பாலவனத்தத்திலிருந்து ஒருவர் வந்து, தன் காட்டில் முருங்கைக்கு நாற்பது வட்டம் கிடைக்குமா என்று கேட்டார். இன்னொருவர், குழி ஆழம் மூன்றடிக்கு மேல் போகிறது, இரண்டடி போதும் என்று 'அவுககிட்ட' சொல்லிவிடச் சொன்னார்.

எனக்கோ பயம். என்றைக்காவது ஒருநாள் அவர்கள் விழித்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினால் எல்லாம் போய்விடும். "அண்ணாச்சி, நீங்க உயிரோட இருக்கீக, பட்டா உங்க பேர்ல இருக்கு. அத்துமீறித் தோண்டுறாகன்னு ஒரு கம்ப்ளைண்ட் குடுங்க" என்று கெஞ்சினேன்.

"குடுப்போம், குடுப்போம். கெழக்க ரெண்டு வரிசை பாக்கி இருக்குல்ல" என்றார் அவர்.

மார்கழியில் ஒருநாள் காலை, பள்ளிக்கு எதிரே டீக்கடையில் இரண்டு வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆடு வாங்க வந்தோம் என்றார்கள். விசில் சார் அவர்கள் டீ கிளாஸைப் பிடித்திருந்த விதத்தையே பார்த்தார். உள்ளங்கை படாமல் விரல் நுனியால் ஏந்திக் குடித்தார்கள். பள்ளிக்குள் போய் முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "கையைக் காட்டுங்க" என்றார். அந்தக் குரலுக்குக் கை தானாக நீளும். இரண்டு பேர் உள்ளங்கையும் கொப்பளம்.

மருந்து தடவிக்கொண்டே, "கடப்பாறைய இம்புட்டு இறுக்கிப் பிடிக்கக் கூடாது தம்பி" என்றார்.

"ஆமா சார், எங்கன போட்டாலும் பாறையா இருக்கு" என்றான் இளையவன். மூத்தவன் அவன் காலை மிதித்தான்.

அப்போது பார்த்து டவுன் பஸ் கிளம்பியது. இருவரும் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். சத்தியம் செய்த அதே டிரைவர். விசில் சார் நடுரோட்டில் நின்று, மூச்சை இழுத்து ஊதினார். பஸ் நின்றது.

"நான் நிப்பாட்டல சார், காலு தானா மிதிச்சிருச்சு" என்றார் டிரைவர். கண்டக்டர் ஒரு கதவையும் டீக்கடைக்காரர் மறு கதவையும் மறித்துக்கொண்டார்கள், ஊரே கூடிவிட்டது. தகவல் கேட்டு ஓடிவந்த அழகர்சாமி அண்ணாச்சி அவர்கள் இருவரையும் துக்கத்தோடு பார்த்தார்.

"இன்னும் ஆறு குழிதான்யா பாக்கி" என்றார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். உயிரோடு இருக்கும் ஆளைப் பார்த்ததும் ஏட்டையா பேனாவைத் திறந்தார். அவர்கள் தங்கியிருந்த அறையில் நான்கு சட்டிகள் கிடைத்தன. எந்தச் சட்டி எந்தச் சாக்குக்காரருடையது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. விசில் சாருக்கு இன்றுவரை அந்த வருத்தம் தீரவில்லை.

பொங்கல் கழித்துச் சொன்னபடி அதிகாரிகள் வந்தார்கள். நாற்பது தாழியும் நாற்பதாகவே இருந்தன. சுற்றிக் கயிறு கட்டித் தூரிகையால் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். "உள்ள வந்து பாருங்க சார்" என்று பெரிய அதிகாரியே கூப்பிட்டார். "கோட்டத் தாண்டுனா ஃபவுலு சார்" என்று சொல்லிவிட்டு இவர் கயிற்றுக்கு வெளியிலேயே நின்றார். வெயிலில் அப்படி மூன்று மாதம் நின்றார்.

அந்த மே மாதம் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் எல்லோரையும் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம்தான், மறைப்பானேன். பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் நூலும் பிடித்தவன் இல்லையா நான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஆசிரியர் அறைக்குள் நுழையப் போனேன். வாசலிலேயே பேச்சியக்கா மறித்தார்.

"பாத்துக் கால வைங்க சார். விசில் சாரு லீவுல வந்து போட்டுட்டுப் போனாக. அங்கன மட்டும் தண்ணி தெளிக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

என் நாற்காலியைச் சுற்றி ஒரு சுண்ணாம்பு வட்டம். பக்கத்தில் நம்பர், நாற்பத்து நான்கு.

அடிக்கோலை எடுத்து அளந்து பார்த்தேன். ஆரம் சரியாக இரண்டடி, இந்த முறை ஒரு நூல்கூடக் குறையவில்லை. கோடு மங்கும்போதெல்லாம் இப்போது நானே சுண்ணாம்பு போட்டுக்கொள்கிறேன்.